வெறுந்தீவு என்று எழுதியவர்களுக்கு: பிரித்தானிய வெளிவிவகார அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

குரோலி, மேற்கு சசெக்ஸ்
2025 ஜூன்

மதிப்புக்குரிய அமைச்சர் அவர்களே,

இந்த மடலைத் தமிழில் எழுதுகிறேன். எனக்கு ஆங்கிலம் வராது என்று நினைக்கவேண்டாம். இருபது ஆண்டுகளுக்கு மேலாக உங்கள் நாட்டில் வேலை செய்து, வரி கட்டி, வாக்களித்து வருகிறேன். தமிழில் எழுத வேறு காரணம் இருக்கிறது. இந்தியப் பெருங்கடலில் உள்ள சாகோஸ் தீவுகளிலிருந்து வெளியேற்றிய மக்களுக்கு நட்டஈடு கொடுக்க 1982இல் உங்கள் அரசு உடன்பட்டது. அந்தப் பணம் கைக்கு வரும்போது ஒரு தாளும் கூடவே வந்தது. ஊருக்குத் திரும்பும் உரிமையை விட்டுக்கொடுக்கிறோம் என்று அதில் ஆங்கிலத்தில், அதுவும் சட்ட ஆங்கிலத்தில், எழுதியிருந்தது. பலர் அதில் கைநாட்டு வைத்தார்கள். அவர்களுக்குத் தெரிந்தது கிரியோல் பேச்சு மட்டும். தாளில் என்ன இருக்கிறது என்று அவர்களுடைய மொழியில் வாசித்துக்காட்ட யாரும் மெனக்கெடவில்லை. ஆகவே இந்த ஒரு கடிதத்தையாவது மொழிபெயர்த்து வாசிக்கும் சிரமத்தை உங்கள் அலுவலகம் எடுத்துக்கொள்ளட்டும்.

சென்ற மாதம் 22ஆம் திகதி காலை கட்விக் விமான நிலையத்தில் இரவு வேலை முடித்து, 10ஆம் இலக்க பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் என்னோடு துப்புரவு வேலை செய்யும் சாகோஸ் பெண் ஒருவர். தொலைபேசியைப் பார்த்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். சாகோஸின் பெரிய தீவான டியகோ கார்சியாவில் பிறந்த இரண்டு பெண்கள் தொடுத்த வழக்கில், இரவு இரண்டரை மணியளவில் நீதிபதி ஒருவர், சாகோஸை மொரீசியஸுக்குக் கொடுக்கும் ஒப்பந்தத்தைத் தடுத்து உத்தரவிட்டிருந்தார். வீட்டுக்குப் போய்த் தூங்கி எழுந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மதியத்துக்குள் தடை நீங்கியது. பிற்பகலில் பிரித்தானிய, மொரீசியஸ் பிரதமர்கள் இருவரும் கையெழுத்திட்டுவிட்டார்கள். அன்றிரவு வேலைக்கு வந்த அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. வாளியைத் தள்ளிக்கொண்டு போய் வழமையான இடத்திலிருந்து துடைக்கத் தொடங்கினார்.

ஒப்பந்தத்தில் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். தமிழ் வாசகர்களுக்காகச் சொல்லுகிறேன். சாகோஸ் தீவுகளின் இறைமை மொரீசியஸுக்குப் போகிறது. இராணுவத்தளம் இருக்கும் டியகோ கார்சியாவை மட்டும் பிரித்தானியா 99 ஆண்டுகளுக்குக் குத்தகைக்கு எடுக்கிறது. குத்தகை ஆண்டொன்றுக்குச் சராசரியாக 101 மில்லியன் பவுண். மற்றத் தீவுகளில் மொரீசியஸ் விரும்பினால் மக்களைக் குடியேற்றலாம். டியகோ கார்சியாவில் முடியாது. சாகோஸ் மக்களுக்கென்று 40 மில்லியன் பவுண் நிதி ஒன்று உண்டு, அதை நடத்தப்போவதும் மொரீசியஸ்தான். நான் கணக்குப் படித்தவன் அல்லன், ஆனாலும் போட்டுப் பார்த்தேன். ஒரு முழுச் சமூகத்துக்கு ஒரே தடவையாக ஒதுக்கிய பணம், அவர்களுடைய தீவுக்கு நீங்கள் கட்டப்போகும் ஐந்து மாத வாடகைக்கும் காணாது.

பணத்தைப் பற்றிப் பிறகு பேசலாம். அந்த அம்மாவை வாய் மூட வைத்தது பணம் அன்று. இவ்வளவு பெரிய காரியத்தில் அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவர் பிறந்தது சாகோஸைச் சேர்ந்த பெரோஸ் பான்யோஸ் தீவில். 1973இல் அந்தத் தீவிலிருந்து கடைசிச் சனத்தையும் கப்பலில் ஏற்றியபோது அவருக்கு ஆறு வயது. நினைவில் இருப்பவை கொஞ்சம்தான்: கொப்பரா காயும் மணம், ஆக்டோபஸைக் கல்லில் அடித்து மென்மையாக்கும் சத்தம், தோணித்துறையில் நின்ற நாய். நாயைக் கப்பலில் ஏற்றவில்லை. அது இறங்குதுறையில் அங்குமிங்கும் ஓடியதை இன்றும் கையால் காட்டித்தான் சொல்லுவார். சொற்களில் சொல்லவே மாட்டார். மொரீசியஸில் இறங்கியபோது கொடுத்த குடியிருப்பில் கதவும் இல்லை, யன்னலும் இல்லை, தண்ணீரும் இல்லை. அவருடைய பாட்டி அடுத்த ஆண்டே இறந்துபோனார். என்ன நோய் என்று கேட்டேன். "சக்ரேன்" என்றார். பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த கிரியோல் சொல். துக்கம் என்று நாம் சொல்லலாம், ஆனால் அவர்கள் அதை மரணத்துக்குக் காரணமாகச் சொல்லுகிறார்கள், நாங்கள் நெருப்புக் காய்ச்சல் என்று சொல்லுவதுபோல.

ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் பையிலிருந்து பழைய மொரீசியஸ் ரூபாய்த் தாள் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார். "இதில் இருப்பது உன் எழுத்துத்தானே? என்ன எழுதியிருக்கிறது?" நூறு ரூபாய் என்று தமிழில் இருந்தது. வாசித்துச் சொன்னேன். சின்ன வயதில் அந்தக் காசைக் கையில் வாங்கும்போதெல்லாம் இது என்ன பூவேலை என்று நினைத்தாராம். அவருடைய முன்னோரில் மொசாம்பிக், மடகாஸ்கர் பக்கத்திலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் உண்டு. அடிமைமுறை ஒழிந்தபின் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களும் உண்டு. 1975இல் உங்கள் அரசுமீது இலண்டன் உயர் நீதிமன்றத்தில் முதல் வழக்குப் போட்ட சாகோஸ்காரரின் பெயர் மிஷேல் வெங்கட்டாசென். அந்தப் பெயரைப் பிரெஞ்சு வாயிலிருந்து மீட்டு உச்சரித்துப் பார்த்தால் எங்கள் பக்கத்துத் தெருவில் ஒருவர் திரும்பிப் பார்ப்பார்.

இனி வரலாறு. உங்கள் ஆவணக் காப்பகத்தில் இருப்பதுதான், ஆகையால் சுருக்கமாகவே சொல்லுகிறேன். மொரீசியஸுக்குச் சுதந்திரம் கொடுக்குமுன் 1965 நவம்பர் 8ஆம் திகதி சாகோஸைத் தனியே வெட்டி எடுத்தீர்கள். அதற்கு மொரீசியஸுக்குக் கொடுத்தது 3 மில்லியன் பவுண். 1966 டிசம்பர் 30ஆம் திகதி அமெரிக்காவுடன் கடிதங்கள் பரிமாறி ஐம்பது ஆண்டுகளுக்குத் தளம் அமைக்க இடம் கொடுத்தீர்கள். பதிலுக்கு, அவர்களிடம் நீங்கள் வாங்கிய பொலாரிஸ் ஏவுகணைகளின் கணக்கில் 14 மில்லியன் டொலர் கழிவு கிடைத்தது. அதை உங்கள் நாடாளுமன்றத்துக்கும் சொல்லவில்லை, அவர்கள் காங்கிரஸுக்கும் சொல்லவில்லை.

அந்த நேரத்தில் தீவுகளில் ஏறக்குறைய ஆயிரத்து ஐந்நூறு பேர் வாழ்ந்தார்கள். ஐக்கிய நாடுகள் சபை கேள்வி கேட்குமே என்று அவர்களை 'நிரந்தரக் குடிகள் அல்ல, வந்துபோகும் ஒப்பந்தக் கூலிகள்' என்று எழுதுவது என முடிவாயிற்று. ஐந்தாறு தலைமுறையாக அங்கேயே பிறந்து அங்கேயே புதைக்கப்பட்டவர்களைத்தான் சொல்லுகிறேன். 1966ஆம் ஆண்டுக் குறிப்பொன்றில் உங்கள் அமைச்சின் மூத்த அதிகாரி ஒருவர், கடற்பறவைகளைத் தவிர அங்கே பூர்வகுடி எதுவும் இருக்காது, பறவைகளுக்கென்று இன்னும் ஐ.நா. குழு எதுவும் அமையவில்லை என்று நகைச்சுவை செய்தார். அதன்கீழ் இன்னொருவர், பறவைகளோடு சில டார்சன்களும் இருக்கிறார்கள் என்று சேர்த்தார். அந்தத் தாளின் நகலை நான் ஒரு தடவைதான் பார்த்தேன். மறுபடி பார்க்க மனம் வரவில்லை.

பிறகு நடந்தது எல்லாம் ஒழுங்காக நடந்தது. மொரீசியஸுக்கு வைத்தியத்துக்கோ உறவினரைப் பார்க்கவோ போனவர்கள் 1968 முதல் திரும்பிப்போகும் கப்பலுக்கு நின்றபோது, உங்கள் தீவு விற்றாயிற்று என்று சொல்லப்பட்டார்கள். சாமான் கப்பல்கள் குறைந்தன. 1971இல் டியகோ கார்சியா வெறுமையாக்கப்பட்டது. சனத்துக்கு முன் நாய்கள். ஏறக்குறைய ஆயிரம் நாய்களைக் கொப்பரா உலர்த்தும் கொட்டிலில் அடைத்து வாகனப் புகையால் கொன்றார்கள். சொந்தக்காரர்களுக்கு அது கேட்டது. 1973இல் பெரோஸ் பான்யோஸ்.

நான் ஏன் இதில் தலைநீட்டுகிறேன் என்று உங்கள் அதிகாரிகள் கேட்கக்கூடும். சொல்லுகிறேன்.

நான் யாழ்ப்பாணத்தில் மயிலிட்டியில் பிறந்தேன். ஊருக்கு அடுத்தது பலாலி விமானத்தளம். இரண்டாம் உலகப் போரில் எங்கள் செம்மண் தோட்டங்களுக்கு நடுவே அந்த ஓடுபாதையைப் போட்டது உங்கள் ராயல் விமானப் படை. நீங்கள் போனபிறகும் ஓடுபாதை போகவில்லை. அதைச் சுற்றி முகாம் வளர்ந்தது. 1990 ஜூனில், எனக்குப் பன்னிரண்டு வயதில், வலிகாமம் வடக்கிலிருந்து சனம் முழுவதும் கிளம்பியது. அப்பா கடைசியாகச் செய்த வேலை மாட்டின் கயிற்றை அவிழ்த்துவிட்டது. 'இரண்டு நாளில் வந்துவிடுவோம், அதுவரை மேய்ந்துகொள்ளட்டும்' என்றார். உயர் பாதுகாப்பு வலயம் என்ற பெயர் பிறகு வந்தது. இருபத்தேழு ஆண்டுகள் கழித்து 2017இல் மயிலிட்டித் துறைமுகத்தைத் திறந்துவிட்டார்கள். எங்கள் வளவு அதற்கு அடுத்த ஆண்டு விடுபட்டது, அதுவும் பாதிதான்.

அம்மா நலன்புரி நிலையத்திலும் வாடகை வீட்டிலும் பொலித்தீன் பையில் சுற்றிக் காப்பாற்றியது ஒன்றே ஒன்று, காணி உறுதி. (காணிப் பத்திரத்துக்கு யாழ்ப்பாணத்தில் உறுதி என்று பெயர். இதற்கு மேல் அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை.) வடக்கு எல்லை ஒழுங்கை, கிழக்கு எல்லை பெரியப்பாவின் காணி, நான்கு பரப்பும் கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரித்தும் என்று அதில் எழுதியிருந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஊருக்குள் போனோம். ஒழுங்கையைக் காணவில்லை. பெரியப்பாவின் வீட்டையும் காணவில்லை, எங்கள் வீட்டையும் காணவில்லை. புல்டோசர் எல்லாவற்றையும் ஒரே மட்டமாக்கியிருந்தது. எல்லைக் கற்கள் இல்லாத நிலத்தில் அறுபது எழுபது பேர் ஆளுக்கொரு உறுதியோடு தடுமாறினோம். கடைசியில் ஒரு கிணற்றுக் கட்டின் வளைவு கண்ணில் பட்டது. அதில் தண்ணீர் அள்ளும் இடத்தில் கயிறு தேய்த்த பள்ளம் இருந்தது. அம்மா குனிந்து அந்தப் பள்ளத்தில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, 'இது எங்கள் கிணறுதான்' என்றார். அங்கிருந்து அடியளந்து அடுத்தடுத்த வளவுகளைப் பிடித்தோம்.

இந்தக் கதையை என் சாகோஸ் தோழியிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒரே கேள்வி: "உன் அம்மாவிடம் தாள் இருந்ததா?"

அவர்களிடம் தாள் இல்லை. காணி தோட்டக் கம்பனிக்குச் சொந்தம். 1967இல் அந்தக் கம்பனியின் காணி முழுவதையும் உங்கள் அரசு வாங்கிக்கொண்டது. வீடு கட்டியது அவர்கள் கை, தென்னை நட்டது அவர்கள் கை, தேவாலயத்தில் ஞானஸ்நானம் பெற்றது அவர்கள் பிள்ளைகள். ஆனால் உறுதி இல்லை. நீதிமன்றங்களில் இந்த வாதத்தை உங்கள் சட்டத்தரணிகள் திரும்பத் திரும்ப வைத்தார்கள். அவர்களுக்குச் சொத்துரிமை இல்லை, ஆகவே இழப்பும் இல்லை என்று. தாள் இல்லாதவன் இடம்பெயர்ந்தவன் ஆகமாட்டான் என்ற அந்தச் சட்ட அறிவு எங்கள் ஊர் முகாம்காரர்களுக்குக்கூட வந்ததில்லை.

இன்னொரு வேடிக்கை. திருப்பிக் கொடுக்கும்போது தாள் கேட்கிறீர்கள். 2022ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சாகோஸ் மக்களின் நேரடிச் சந்ததியார் பிரித்தானியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். நல்ல சட்டம், நன்றி. தோழியின் சகோதரி மகளுக்கு நூலகக் கணினியில் அந்த விண்ணப்பத்தை நிரப்ப நானும் உதவினேன். பாட்டி தீவில் பிறந்ததற்கு அத்தாட்சி வேண்டும். பாட்டியின் பெயர் ஒரு பதிவில் ஒரு எழுத்துக்கூட்டலிலும் மற்றொன்றில் வேறொன்றிலும் இருந்தது. எழுத்தறியாத பெண்ணின் பெயரைக் கேட்டவர் தன் காதுக்குப் பட்டபடி எழுதியிருக்கிறார். இரண்டும் ஒரே ஆள் என்று நிரூபிக்க எட்டு மாதம் போயிற்று. வயதுவந்தவர்களுக்கு இந்த வாசல் 2027 நவம்பரில் மூடுகிறது.

நடுவில் நடந்த வழக்குகளையெல்லாம் விரிக்கப்போவதில்லை. 2000ஆம் ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம், வெளியேற்றியது சட்டவிரோதம் என்றது. அன்றைய வெளிவிவகார அமைச்சர் அதை ஏற்றுக்கொண்டார். நான்கே ஆண்டில், 2004 ஜூன் 10ஆம் திகதி, நாடு முழுவதும் தேர்தலுக்குப் போயிருந்த நாளில், நாடாளுமன்றத்துக்குக் கொண்டுபோகாமல் அரச ஆணையால் அவர்கள் ஊர் திரும்பும் உரிமையைப் பறித்தீர்கள். அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 2008இல் அதை மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் நிலைநிறுத்தியது. 2010இல் சுற்றுக்கடலைப் பாதுகாக்கப்பட்ட கடற்பகுதியாக அறிவித்தீர்கள். பவளப்பாறைமீது உங்களுக்குள்ள அன்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த அறிவிப்பால் மக்களின் மீள்குடியேற்றக் கோரிக்கை அடிபட்டுப்போகும் என்று உங்கள் அதிகாரிகள் அமெரிக்கத் தூதரகத்தில் பேசியதும் பின்னர் வெளியே வந்தது. 2019இல் சர்வதேச நீதிமன்றம், சாகோஸைப் பிரித்ததே தவறு, இயன்ற விரைவில் நிர்வாகத்தை முடித்துக்கொள்ளுங்கள் என்று கருத்துரைத்தது. அந்தக் கருத்துரையில்தான் இன்றைய ஒப்பந்தத்தின் வேர் இருக்கிறது. அது நாடுகளின் வழக்கு. சனத்தின் வழக்கு இன்னும் அப்படியே கிடக்கிறது.

2016இல் மீள்குடியேற்றத்தை மறுத்தபோது நீங்கள் சொன்ன காரணங்கள் மூன்று: சாத்தியப்படாது, பாதுகாப்புக்கு ஆகாது, செலவு அதிகம். அதே டியகோ கார்சியாவில் அரை நூற்றாண்டாக ஆயிரக்கணக்கானோர் வாழ்கிறார்கள். படைவீரர்கள் மட்டும் அல்லர். சமைக்கவும் துடைக்கவும் பழுதுபார்க்கவும் பிலிப்பைன்ஸிலிருந்து தொழிலாளர்கள் வருகிறார்கள். குண்டுவீச்சு விமானங்கள் இறங்கும் ஓடுபாதை உண்டு, குடிநீர் உண்டு, மின்சாரம் உண்டு, பந்துருட்டி விளையாடும் கூடம்கூட உண்டு. வாழ முடியாத தீவு என்று நீங்கள் சொன்னது யாரைப் பார்த்து?

இதே தீவில்தான் எங்கள் ஆட்களும் அகப்பட்டார்கள். 2021 அக்டோபரில், கனடாவுக்குப் போவதற்குப் புறப்பட்ட 89 இலங்கைத் தமிழர் ஏறிய படகு பழுதாகி, உங்கள் கடற்படை அவர்களை டியகோ கார்சியாவுக்குக் கொண்டுவந்தது. உயிரைக் காப்பாற்றியதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதன்பின் ஏறத்தாழ ஒரு கால்பந்து மைதானம் அளவு வேலிக்குள் கூடாரம் அடித்து அவர்களை வைத்தீர்கள். எலிகள் ஓடும் அந்தக் கூடாரங்களில் குழந்தைகளும் இருந்தார்கள். உண்ணாவிரதம் இருந்தார்கள், சிலர் உயிரை மாய்க்க முயன்றார்கள். அந்தத் தீவுக்கென்று உங்கள் அரசே அமைத்த உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னது: அவர்களை அடைத்துவைத்தது சட்டவிரோதம், பெயரைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் அது சிறை. மூன்று ஆண்டுகள் கழித்து.

அந்தச் செய்தி வந்த இரவு என் தோழி சொன்னதை இங்கே எழுதவேண்டும். "எங்களை அங்கே போக விடவில்லை. உங்கள் ஆட்களை அங்கிருந்து வெளியே விடவில்லை." சொல்லிவிட்டுச் சிரித்தார். வேறு என்ன செய்வது?

உங்கள் பதில் எப்படி இருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. பாதுகாப்பு என்பீர்கள். தளம் வேண்டும் என்றால் வைத்துக்கொள்ளுங்கள், அதை வாதிடும் படிப்பு எனக்கு இல்லை. ஆனால் தளம் இருப்பது தீவின் மேற்குக் கையில். பழைய தோட்டமும் தேவாலயமும் கல்லறைகளும் கிழக்குப் பக்கத்தில், இடையில் கடல்நீரேரி. கடற்கரையில் தேங்காய் பறிக்கும் நூறு குடும்பங்கள் ஓடுபாதைக்கு என்ன ஆபத்து? எங்கள் ஊரிலும் இதே சொல்லைத்தான் சொன்னார்கள், நாங்கள் கிணற்றடியில் மிளகாய் நட்டால் நாடு ஆபத்தில் விழும் என்பதுபோல. இன்று திறந்துவிட்ட இடங்களில் மிளகாய் காய்க்கிறது. நாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அல்லது, சாகோஸ் மக்களிடையே ஒரே கருத்து இல்லையே, யாரைக் கேட்பது என்பீர்கள். உண்மைதான். மொரீசியஸில் இருக்கும் ஒரு பெரிய அமைப்பு ஒப்பந்தத்தை வரவேற்றது. குரோலியில் பலர் கொதித்துப்போயிருக்கிறார்கள். மொரீசியஸ் தங்களை நடத்திய விதத்தை அவர்கள் மறக்கவில்லை. என் தோழியின் வீட்டிலேயே அண்ணன் ஒரு பக்கம், தங்கை ஒரு பக்கம். பிரித்தானியர்கள் ஐரோப்பிய ஒன்றியத்தைப் பற்றி ஒரே கருத்தில் இருந்தா 2016இல் வாக்கெடுப்பு வைத்தீர்கள்? கருத்து வேறுபடுகிறது என்பது கேட்காமல் விடுவதற்குக் காரணம் ஆகாது.

ஆகவே நான் கேட்பது இவை.

இந்த ஒப்பந்தத்தை நாடாளுமன்றம் நடைமுறைக்குக் கொண்டுவருமுன், குரோலியிலும் மொரீசியஸிலும் சீஷெல்ஸிலும் வாழும் சாகோஸ் மக்களிடம் இரகசிய வாக்கெடுப்பு நடத்துங்கள். வாக்குச்சீட்டு கிரியோலில் இருக்கட்டும். முடிவு உங்களுக்குப் பிடித்ததாக இல்லாவிட்டாலும் வெளியிடுங்கள்.

டியகோ கார்சியாவின் கிழக்குப் பகுதியில் திரும்பி வாழ விரும்புகிறவர்களுக்கு அனுமதி தரும் விதியை அமெரிக்காவுடனும் மொரீசியஸுடனும் பேசி ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள். தளத்தில் குடிசார் வேலைகள் இருக்கும்வரை, அவற்றில் முதல் உரிமை சாகோஸ் தீவுகளில் பிறந்தவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் இருக்கட்டும். என் தோழி விமான நிலையத்தின் தரையைத் துடைக்கிறார்; தன் ஊர்த் தரையைத் துடைக்க அவருக்குத் தகுதி இல்லை என்று சொல்ல யாருக்கும் வாய் வரக்கூடாது.

40 மில்லியன் பவுண் நிதியின் நிர்வாகத்தில் பாதிக்கு மேற்பட்ட இடம் சாகோஸ் மக்கள் தாங்களே தேர்ந்தெடுப்பவர்களுக்கு வேண்டும். நிதியின் அளவையும் மறுபடி பாருங்கள். கல்லறைகளைப் பார்க்க நீங்கள் எப்போதாவது ஏற்பாடு செய்யும் வழிகாட்டிப் பயணத்தை விட்டுவிட்டு, ஆண்டுதோறும் தாங்களாகவே போய்வரும் உரிமையைச் சட்டமாக எழுதித் தாருங்கள். இறந்தவர்களைக் கும்பிடப் போவதற்கு அழைப்பிதழ் வேண்டாம்.

2027 நவம்பர் என்ற காலக்கெடுவை நீக்குங்கள். எழுத்துக்கூட்டல் வேறுபட்டதற்காக விண்ணப்பங்களை நிறுத்திவைக்கவேண்டாம் என்று சுற்றறிக்கை விடுங்கள்; இதற்குச் சட்டத்திருத்தம்கூடத் தேவைப்படாது. டியகோ கார்சியாவிலிருந்து இங்கே கொண்டுவரப்பட்ட தமிழர்களைத் தற்காலிக அனுமதியில் தொங்கவிடாமல் அவர்கள் வழக்குகளை முடித்துவையுங்கள். சட்டவிரோதமாக அடைத்துவைத்ததற்கு நட்டஈடு கேட்டு அவர்கள் இன்னொரு பத்து ஆண்டு நீதிமன்றப் படி ஏறவேண்டிய நிலையை உண்டாக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. இந்த மடலுக்குப் பதில் எனக்கு வேண்டாம். நான் ஆங்கிலத்தில் எதையும் வாசித்துக்கொள்வேன். பதிலைக் கிரியோலில் எழுதி, குரோலியில் ஒரு மண்டபத்தில் அந்த மக்களைக் கூட்டி, உங்கள் அமைச்சிலிருந்து ஒருவர் நேரில் வந்து உரக்க வாசித்துக்காட்டட்டும். வாசிக்க எழுந்து நிற்பவருக்கு ஒரு நாற்காலியும் ஒரு குவளை தண்ணீரும் நான் கொண்டுவந்து வைக்கிறேன். கேள்விகள் முடியும்வரை அவர் எழுந்து போகக்கூடாது.

இப்படிக்கு,
மயிலிட்டியிலிருந்து வந்து குரோலியில் வாழும்
உங்கள் வாக்காளர் ஒருவர்